காதுக்காரர் கட்டிய அறை

பாட்டுக் கேட்பதற்கென்றே தனியாக ஓர் அறை கட்டியவன் லுக்குட்டில் எங்கள் தாமான் குடியிருப்பில் நான் ஒருத்தன்தான். மற்றவர்களுக்கு அந்தத் தேவை இல்லை. ஹாலில் பெட்டியை வைத்து, கதவைத் திறந்துவிட்டு, தெருவுக்கே போட்டுவிடுவார்கள். சனிக்கிழமை காலையில் எதிர்வீட்டுக்காரர் காரைக் கழுவ ஆரம்பித்தால், மூன்று வரிசை வீடுகளும் அன்றைக்கு என்ன பாட்டுக் கேட்க வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்வார். எனக்குச் சத்தம் வேண்டாம், சங்கீதம் வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படிச் சொல்லும்போது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

அந்த மரியாதைக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்து ஆயில் மில்லில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டராக இருந்தேன். செம்பனைக் குலைகளை வேகவைத்து, உதிர்த்து, பிழிந்து எண்ணெய் எடுக்கிற இடம். எல்லா இரும்பும் ஒரே நேரத்தில் கத்தும். அந்தக் கத்தலுக்குள் எந்த பேரிங் சாகக் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற மெஷின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொள்வேன். உள்ளே குண்டுகள் உருளுவது கேட்கும். "இது இன்னும் பத்து நாள் தாங்கும்" என்பேன். பத்தாவது நாளோ பதினோராவது நாளோ அது போய்விடும். மானேஜரிலிருந்து ஆட்களை மேய்க்கிற மண்டோர் வரைக்கும் என்னைக் 'காதுக்காரர்' என்றுதான் கூப்பிட்டார்கள். வேலையை விட்டு வந்த பிறகு சீருடையைத் திருப்பிக் கொடுத்தேன், லாக்கர் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பட்டத்தை மட்டும் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மில்லில் காதுக்கு அடைப்பான் கொடுத்திருந்தார்கள், இல்லையென்று சொல்லக்கூடாது. மஞ்சள் நிறத்தில், கயிற்றில் கோத்தது. அதைத் தாலி மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொள்வோம். பாதுகாப்பு அதிகாரியின் கார் தூரத்தில் தெரிந்ததும் வாசலில் காவல் இருக்கும் ஜாகா தொப்பியை ஆட்டுவார். எல்லோரும் அவசரமாகக் காதில் செருகிக்கொள்வோம். கார் திரும்பிப் போனதும் மறுபடி கழுத்துக்கு இறங்கிவிடும். காதை அடைத்துக்கொண்டு பேரிங்கை எப்படிக் கேட்பது? ஒரு வெல்டர் மட்டும் நாள் முழுக்க மாட்டியிருந்தார். அவருக்குப் 'புதுப்பொண்ணு' என்று பேர் வைத்தோம். ஒரு மாதத்தில் அவரும் கழட்டிவிட்டார்.

ஆக, இப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு ஹாலில் சப்பைப் பெட்டியில் பாட்டுக் கேட்பது அநியாயம் என்று எனக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. மகள் கல்யாணமாகி ஜோகூருக்குப் போனாள். பின்பக்கத்து அறை காலியானது. போர்டிக்சனில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. ராணுவ முகாமில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் ஏற்கெனவே அப்படி ஓர் அறை இருந்தது. அதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். மறுநாளே அளவு நாடாவை எடுத்துவிட்டேன்.

சுவரில் ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு, அதற்கு நடுவில் சத்தத்தை உறிஞ்சுகிற கல்பஞ்சு. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தேன். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. என் அப்பாவும் அம்மாவும் ஆயுள் முழுக்கப் பால்மரம் சீவினவர்கள். நான் அந்த ரப்பரையே லுக்குட் ஹார்ட்வேர் கடையில் அடிக்கணக்கில் வாங்கிக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டுக்காரர் நல்ல மனுஷன். நாசி லெமாக் சோற்றுக் கடை வைத்திருக்கிறார். சுவரில் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று யாரோ சொன்னார்களாம், இரண்டு கைகொள்ளாமல் முட்டை அட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் அவருக்கு ஒலி விஞ்ஞானம் பற்றி அரைமணி நேரம் பாடம் எடுத்து, அட்டையோடு திருப்பி அனுப்பினேன்.

சுவரில் வெள்ளைத் திரையும் மாட்டினேன், படம் பார்க்க. எனக்குப் படம் என்றால் கீழே மலாய் எழுத்து ஓட வேண்டும். டிவியில் தமிழ்ப் படங்களுக்கு அப்படித்தானே போடுகிறார்கள். தமிழ் வசனத்தை மலாயில் படித்துப் புரிந்துகொள்கிற ஒரே தமிழன் நான்தான் என்று மகள் கேலி செய்வாள். மலாய் மறந்துபோகாமல் இருக்கட்டும் என்று பதில் சொல்வேன். அதை நானே நம்பினேன்.

நாற்காலி ஒன்று. சாய்ந்து, காலை நீட்டி உட்காருகிற தோல் நாற்காலி. ஏன் ஒன்று என்றால், இரண்டு ஸ்பீக்கருக்கும் கேட்கிறவனுக்கும் நடுவே சரியான முக்கோணம் அமைகிற இடம் ஒன்றுதான். நண்பர் சொன்னார், புத்தகமும் சொன்னது. அந்த இடத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

வேலை நடந்த நாட்களில் என் மனைவி அடிக்கடி கதவோரம் வந்து நிற்பாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு துளை போட்டுக்கொண்டிருப்பேன். திரும்பினால் அவள் ஏதோ சொல்லி முடித்திருப்பாள். நான் தலையாட்டுவேன். அவள் போய்விடுவாள். முப்பது வருஷக் குடும்பத்தில் நான் கற்றுக்கொண்ட பெரிய வித்தை இந்தத் தலையாட்டல்தான். எந்தச் சண்டையும் இதற்கு மேல் வளராது. "ஏன் இடிச்ச புளி மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று எப்போதாவது முன்னால் வந்து நின்று கேட்பாள். அதற்கும் தலையாட்டுவேன்.

அவளும் வயதாக ஆகப் பக்குவப்பட்டுவிட்டாள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். கல்யாணமான புதிதில் அடுப்படியில் நின்றாளானால் ஏதாவது பாடிக்கொண்டேதான் இருப்பாள். மகள் பிறந்து, வேலை கூடி, பாட்டு நின்றுபோனது. பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, குரல் இறங்கி, இப்போதெல்லாம் வீட்டில் கோயில் மாதிரி ஓர் அமைதி. இதை நான் போர்டிக்சன் நண்பரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். தன் வீட்டில் அப்படி இல்லையே என்று அவர் வயிறெரிந்தார்.

அறை முடிந்த அன்றைக்குப் பூசை போடாமல் ஸ்விட்சைத் தொடக்கூடாது என்று மனைவி சொன்னாள். இதை மட்டும் நேருக்கு நேர் நின்று சொன்னாள். கற்பூரப் புகை கல்பஞ்சில் ஏறிவிடும் என்று நான் எடுத்துச் சொன்னது எடுபடவில்லை. கற்பூரம் கதவுக்கு வெளியே என்று சமாதானமானோம். ஆனால் எலுமிச்சம்பழம் உள்ளே வந்துவிட்டது. புதுக் கார் வாங்கினால் டயருக்குக் கீழே வைப்பார்களே, அதே மாதிரி. ஸ்பீக்கருக்கு டயர் இல்லை, கூரான நான்கு இரும்புக் கால்கள்தான் உண்டு. அவள் யோசித்துவிட்டு முன்கால்களுக்குக் கீழே ஒவ்வொரு பழம் வைத்து, "எறக்குங்க" என்றாள். நான் இறக்கினேன். சாறு ஸ்பீக்கருக்கு அடியில் விரித்திருந்த புதுக் கம்பளத்தில் ஓடியது. அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

முதல் பாட்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். ஏதோ குறைந்தது. தபேலா நெஞ்சில் விழுந்தது, வீணையின் அடித்தந்தி கேட்டது. ஆனால் சலங்கை இல்லை. ஜால்ரா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தூசிகூட இல்லை. காதுக்காரனை ஏமாற்ற முடியுமா? கல்பஞ்சு அதிகமாகி மேல்சத்தத்தைக் குடித்துவிட்டது என்று உடனே கண்டுபிடித்துவிட்டேன். சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்பில் 'ட்ரெபிள்' என்று ஒரு குமிழ், கூர்மையான சத்தத்தைக் கூட்டுவதற்கு. கொஞ்சம் திருப்பினேன். பத்தவில்லை. இன்னும் திருப்பினேன். குமிழ் இனிமேல் போகாது என்று நின்ற இடத்தில் சலங்கை வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

மனைவி எட்டிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். கிட்டே வந்து, "தட்டுல ஆணிய வச்சுக் கீறுற மாதிரி இருக்குங்க" என்றாள். பழகாத காது என்று நினைத்துக்கொண்டேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்றும் நினைத்தேன். நல்லவேளை, வாயால் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நண்பர் வந்தார். அவரை என் நாற்காலியில் உட்காரவைத்தேன். அது எவ்வளவு பெரிய மரியாதை என்று அவருக்குத் தெரியும். இரண்டு நிமிஷம் கேட்டார். பல்வலிக்காரர் மாதிரி முகம் வைத்துக்கொண்டிருந்தார். "தெளிவா இருக்கு அண்ணே" என்றார். "ரொம்பத் தெளிவா இருக்கு."

தேநீர் கொண்டுவந்த மனைவி தட்டோடு அப்படியே நின்றாள். பாட்டு முடிந்திருந்தது.

"அண்ணே, ஒங்களுக்குக் கேக்குதா? பாட்டு இல்லாதப்பவும் எடது பக்கம் ஈன்னு ஒரு சத்தம் வருது. மொத நாள்லேர்ந்து சொல்றேன், இவங்க தலையாட்டுறாங்க."

நண்பர் காதைக் கொடுத்துக் கேட்டார். "ஆமா அண்ணே. அண்ணி சொல்றது சரிதான்லா. விசில் மாதிரி இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. என் அறையில், என் மெஷினில், எனக்குத் தெரியாமல் ஒரு சத்தமா? எழுந்துபோய் ஸ்டோரில் இருந்த அந்த நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தேன். ஆம்ப்பின் தலையில் முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டேன். மில்லில் நான் இப்படி நின்றால் சுற்றியிருக்கிற எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். இவர்களும் பேசாமல்தான் நின்றார்கள்.

"ஒண்ணும் இல்ல," என்றேன். "சுத்தமா இருக்கு."

நண்பர் கைப்பேசியை எடுத்தார். சத்தத்தைக் கோடு கோடாகக் காட்டுகிற ஒன்றை அதில் வைத்திருந்தார். திரையில் எல்லாக் கோடும் தரையோடு படுத்திருக்க, கூர்மையான சத்தங்களைக் காட்டுகிற ஓரத்தில் ஒன்று மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நின்றது. "ஆம்ப்ப ஆஃப் பண்ணுங்க" என்றார். அணைத்தேன். கோடு விழுந்தது. போட்டேன். எழுந்து நின்றது. மறுபடி அணைத்தேன், மறுபடி போட்டேன். எத்தனை தடவை செய்தேன் என்று தெரியாது. கோடு என் விரலுக்குக் கீழ்ப்படிந்து விழுவதும் எழுவதுமாக இருந்தது. என் காதில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை.

"போன் கெட்டுப்போயிருக்கும்" என்றேன்.

மனைவி தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நண்பர் குனிந்து ட்ரெபிள் குமிழைப் பார்த்தார். அது கடைசியில் நிற்பதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எனக்கு ஒரு வேல இருக்கு அண்ணே" என்று கிளம்பினார். வாசல் வரைக்கும் போய் நின்று, "சிரம்பான்ல காது பாக்குற எடம் இருக்கு. சும்மா ஒருக்கா போய்ட்டு வாங்களேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரிடம் இரண்டு வாரம் பேசவில்லை. அந்த இரண்டு வாரமும் அந்த அறைக்குள் போகவும் பிடிக்கவில்லை. காதே இல்லாத காதுக்காரன் யார்? பென்ஷன்காரக் கிழவன், அவ்வளவுதான். அந்தப் பயம்தான் எனக்கு. அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

கேபிள் வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுத்தான் சிரம்பானுக்குப் போனேன்.

கிளினிக்கில் ஒரு சின்ன அறை. உண்மையைச் சொல்கிறேன், அப்படி ஓர் அறையை நான் பார்த்ததே இல்லை. கதவு ஐஸ்பெட்டிக் கதவு மாதிரி கனம். சுற்றிலும் ரப்பர், அதுவும் இரண்டு வரிசை. நான் ஒரு வரிசைதான் போட்டிருந்தேன். சுவர் முழுக்கப் பஞ்சு, மூலையில்கூட இடைவெளி இல்லை. பரிசோதனை செய்கிற பெண் என்னை உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். "எவ்வளவு சின்ன சத்தம் கேட்டாலும் அமுக்குங்க அங்கிள்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

பூம், பூம் என்று தடித்த சத்தங்கள் வந்தன. அமுக்கினேன். பிறகு நின்றுவிட்டது. மெஷினில் ஏதோ கோளாறு, சரிசெய்கிறாள் என்று நினைத்தேன். கிடைத்த நேரத்தில் பஞ்சு மூலையில் எப்படிச் சேர்கிறது என்று பார்த்துக்கொண்டேன். நாற்பத்தைந்து பாகையில் வெட்டியிருந்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், தன் மெஷினைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தாள்.

"முடிஞ்சிருச்சு அங்கிள்."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேம்மா."

அவள் ஒரு தாளை நீட்டினாள். அதில் ஒரு கோடு கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு கிணற்றுக்குள் இறங்கியது. "இங்கேர்ந்து இங்க வரைக்கும் நான் சத்தம் குடுத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள் மெதுவாக. "என்ன வேல பாத்தீங்க?"

"ஆயில் மில்லு."

"ம்," என்றாள். "நெறைய பேரு வர்றாங்க." இது ஒரு நாளில் போவதில்லை, இருபது வருஷமாவது ஆகியிருக்கும் என்றும், பெண்களின் குரல்தான் முதலில் மங்கும், பேசுகிறவர்கள் முணுமுணுப்பது போல் இருக்கும் என்றும் விளக்கினாள். காதில் மாட்டுகிற மெஷின் எழுதிக்கொடுத்தாள், வருவதற்கு இரண்டு வாரம் ஆகும்.

திரும்பி வரும் வழியில் காரின் சிக்னல் விளக்கைப் போட்டேன். பச்சை அம்பு அணைந்து அணைந்து எரிந்தது. டிக் டிக் சத்தம் இல்லை. புதுக் கார்களில் அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டார்கள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு வெகுநேரம் நீடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் தாளைக் கொடுத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். 'செவிடன் காதுல ஊதுன சங்கு' என்று என்னைப் பற்றி அவள் சொல்லாத நாள் இல்லை. எங்கள் வீட்டில் அதை யாரும் மருத்துவக் குறிப்பாக எடுத்துக்கொண்டதில்லை, அவள் உட்பட. இப்போது சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"எத்தன வருஷமா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

"இருவது இருக்கும்னு சொல்லுது அந்தப் பொண்ணு."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தாளை மடித்தாள், பிரித்தாள். "எங்கிட்ட பேசப் புடிக்கலன்னு நெனச்சேன்" என்றாள். "அதான் நானும் கொறச்சிக்கிட்டேன்."

வழக்கம்போலத் தலையாட்டக்கூடத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. காது போனதற்கு இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது என்று ஊரெல்லாம் பெருமை பேசினேனே, அதற்கு.

"அப்ப நாற்காலி?" என்றாள்.

"எந்த நாற்காலி?"

"ரூம்பு கட்டுறப்ப எனக்கும் ஒரு நாற்காலி போடுங்கன்னு கேட்டேன்ல. மூணு தடவ கேட்டேன். மூணு தடவயும் தலையாட்டுனீங்க. அப்புறம் ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வந்து நடுவுல போட்டுட்டு உக்காந்துட்டீங்க."

மறுநாள் காலையில் லுக்குட்டில் மரச்சாமான் கடைக்குப் போய் அவளே உட்கார்ந்து பார்த்து ஒன்றை எடுத்தாள். கொண்டுவந்தோம். சாக்பீஸ் குறி ஒன்றுதான் இருந்தது. அதன்மேல் யாருடைய நாற்காலியைப் போடுவது என்பதில் விவாதமே இல்லை. என் தோல் நாற்காலியைச் சுவரோரம் தள்ளி, அவள் முகம் தெரிகிற மாதிரித் திருப்பிப் போட்டேன். நண்பருக்குப் போன் செய்து, கத்திப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு, ஆம்ப்பில் அந்த விசிலை எப்படி நிறுத்துவது என்று கேட்டேன். ஒரு கம்பியை மாற்றச் சொன்னார். மாற்றினேன். நின்றுவிட்டது என்று மனைவி சொன்னாள். நம்பினேன்.

பாட்டைப் போட்டேன். குமிழைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நெற்றியைப் பார்த்தேன். சுருக்கம் இருந்தது. கொஞ்சம் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். பாதிக்கும் கீழே வந்தபோது சுருக்கம் விட்டுப்போனது. அவள் கையை உயர்த்தி, போதும் என்றாள். எனக்குப் போர்வைக்குள்ளிருந்து யாரோ பாடுவது போல் இருந்தது. சலங்கையும் இல்லை, ஜால்ராவும் இல்லை. அவள் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் உதடு அசைந்தது. என் தலை தானாக ஆடப் போனது. பிடித்து நிறுத்தி, எழுந்து கிட்டே போனேன்.

"என்னா சொன்ன?"

கண்ணைத் திறந்தாள். "ஒங்கள ஒண்ணும் சொல்லல. கூடப் பாடுறேன்."

"மறுபடியும் பாட ஆரம்பிச்சிட்டியா?"

அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு நான் படித்துப் புரிந்துகொள்ளட்டும் என்று, உதட்டை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"நான் எப்பங்க நிறுத்துனேன்?"